நாலில் ஒரு பங்கு

என்னோடு சேர்ந்து தலை நரைத்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இளசுகளுக்கு ஆயில் எஞ்சின் என்றால் என்னவென்றே தெரியாது. சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் வரும், அவ்வளவுதான் அவர்கள் கண்டது. நீங்கள் அப்படியில்லை. தோட்டங்களுக்கு மேலே நாள் முழுக்க டுக் டுக் டுக் என்று அடித்துக்கொண்டிருந்த அந்தச் சத்தமும், அது நின்றதும் காது அடைத்துப்போன மாதிரி ஆவதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது நின்ற ஒரு நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இந்தம்மாவுக்கு என்ன தெரியும் என்று பின்னால் யாரும் கேட்கக்கூடாது. நாலாம் வகுப்போடு நின்றவள் நான். இன்றைக்குக் கம்பம் ரோட்டில் மூன்று மாடி வைத்து பம்புசெட் கடை நடத்துகிறேன். புருஷன் வீட்டுச் சொத்து அதில் ஒரு செங்கல் கிடையாது. தெருவில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே அதன் நோயைச் சொல்வேன். போன மாதம் ஒரு இன்ஜினீயர் பையன் அரை நாளாகத் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு எஞ்சின் முன்னால் நின்றான். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. "நாசில்ல தூசிடா தம்பி" என்றேன். எண்ணெய் பீய்ச்சும் அந்த மூக்கைக் கழற்றிப் பார்த்தான். தூசிதான்.

இந்தக் காது எனக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம் சிரித்து மழுப்பிவிடுவேன். பயத்தில் வந்த காது இது. பத்து வயதில், ஒரு கிணற்றின் வாயில் உட்கார்ந்து, கீழே இருந்த ஒரு மனுஷனின் உயிருக்காகக் கேட்டுக் கேட்டு வந்தது.

எங்கள் தோட்டம் தேவாரத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தில். பெரியாற்றுத் தண்ணீர் கீழே வயல்களோடு போய்விடும், எங்களுக்குக் கிணறுதான் கதி. அந்த வருஷம் திராட்சைக் கொடி முதல் காய்ப்புக்கு நின்றது. பந்தலுக்கு அடியில் போனால் பச்சைக் குலைகள் தலையில் இடிக்கும். பத்து நாள் தண்ணீர் தவறினால் அத்தனையும் உதிர்ந்துபோகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மாசி முடிவதற்குள் கிணற்றுத் தண்ணீர் இறங்கிவிட்டது. எவ்வளவு இறங்கியது என்றால், மேலே இருந்த எஞ்சின் எவ்வளவு முக்கினாலும் தண்ணீரை உறிஞ்சவில்லை.

அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் கீழே போனால் எஞ்சினும் அதைத் துரத்திக்கொண்டு கீழே போகும். கிணற்றின் பக்கவாட்டுப் பாறையைக் குடைந்து ஒரு மேடை எடுத்து, எஞ்சினைக் கயிறு கட்டி இறக்கி அதில் உட்கார வைப்பார்கள். புகைக்கு ஒரு இரும்புக் குழாய் மேல் வரைக்கும் வரும். எங்கள் எஞ்சினையும் பன்னிரண்டு பேர் சேர்ந்து இறக்கினார்கள். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கல் படிகளில் கால் வைத்து அப்பா அதோடு கூடவே இறங்கினார். அந்தக் கிணறு எனக்கு எப்போதுமே பிடிக்காது. உள்ளே எட்டிப் பார்த்தால் குளிர்ந்த பாசி வாடை முகத்தில் அடிக்கும். சுவர் இடுக்கில் குடியிருந்த புறாக்கள் திடீரென்று படபடத்து மேலே வரும்.

எஞ்சினைப் பூட்டிக் கொடுக்க உத்தமபாளையத்திலிருந்து மிஸ்திரி வந்திருந்தார். வாயில் வெற்றிலை, காதில் பென்சில். வேலை முடிந்து அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தபடி அவர் சொன்ன ஒரு பேச்சுதான் எங்கள் வீட்டைப் புரட்டிப் போட்டது.

"அண்ணே, நீங்க ஊத்துற எண்ணெயில நாலுல ஒரு பங்குதான் தண்ணி இறைக்குது. மிச்சம் மூணு பங்கும் சூடாப் போயிருது. கொஞ்சம் சுடுதண்ணியில, கொஞ்சம் புகையில."

அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "மூணு பங்கா? ஏலே, கூலிக்கு வந்தவன் நாலு நாள்ல ஒரு நாள் மட்டும் வேலை செஞ்சா வெச்சுக்குவனா?"

"எல்லா எஞ்சினும் அப்புடித்தாண்ணே. சீமையில இருந்து வந்ததும் அப்புடித்தான்."

"போற சூட்ட மடக்கிப் புடிச்சா?"

மிஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார். "சுருளி அருவியில தண்ணி எதுக்கு அம்புட்டு வேகமா அடிக்குது? கீழ பள்ளம் கெடக்கு, அதனால. சூடும் அதே மாதிரிதாண்ணே. உள்ள நெருப்பு, வெளிய ஆறுன காத்து. அதுல இருந்து இதுல விழுகுறப்பத்தான் போற போக்குல நமக்கு வேலை செஞ்சுட்டுப் போகுது. விழுகுற வழிய அடைச்சீகன்னா வேலையும் கெடையாது."

அறுபது வருஷம் ஆகப்போகிறது. காலேஜில் படித்த என் பேரன் நோட்டில் கோடு கோடாகப் போட்டு விளக்கியதும் இதைத்தான். அவனுக்கு நாலு வருஷம் ஆனது. மிஸ்திரி ஒரு டம்ளர் காப்பியில் முடித்துவிட்டார்.

ஆனால் அப்பா சுருளியைக் கேட்கவில்லை. மூணு பங்கு போகிறது என்பதை மட்டும் கேட்டார். சாப்பிடும்போது திடீரென்று "மூணு பங்கு" என்பார். கட்டிலில் புரண்டு படுத்து "மூணு பங்கு" என்பார். தன் தோட்டத்துக்குள் யாரோ பகலிலேயே புகுந்து திருடுகிற மாதிரி அவருக்கு ஆகிவிட்டது. முதலில் எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர்க் குழாயைத் திருகிப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார். பெயிண்ட் கருகி வாடை வந்ததும் பயந்து திறந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் கண் புகைக் குழாயின் மேல் விழுந்தது.

அம்மா கீழ் வயல்காரர்களின் நெல்லை வாங்கி அவித்துக் காயப்போட்டுக் கொடுப்பாள். விறகுக்காக அவள் மலையேறி வந்து முதுகு ஒடிந்து உட்காருவதை அப்பா பார்த்திருக்கிறார். ஒரு தார் டிரம்மை வாங்கி, அதற்குள் மூன்று வளைவாக ஒரு குழாயை வைத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்துக் கொண்டுவந்தார். டிரம்மைக் கிணற்று வாயில் நிறுத்தி, புகைக் குழாயை அதில் செருகினார். புகை டிரம்முக்குள் சுற்றிச் சுற்றிப் போய், சூட்டையெல்லாம் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மறுபக்கம் வெளியே வந்தது. மதியத்துக்குள் தண்ணீர் கொதித்தது. விறகு ஒரு குச்சி கிடையாது.

அம்மா டிரம்மைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள். "ஏங்க, அடுப்பே இல்லாம வேகுதுங்க." அப்பா முகத்தில் அன்று இருந்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. என் கடையில் முதல் எஞ்சினை விற்ற அன்று கண்ணாடியில் என் முகத்தில் அதே சிரிப்பைப் பார்த்தேன், பார்த்ததும் துடைத்துக்கொண்டேன்.

பக்கத்துத் தோட்டத்து ராவுத்தர் மாமா மட்டும் டிரம்மைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மச்சான், புகை திக்கித் திக்கி வருதே" என்றார். மிஸ்திரி அந்த வழியாக சைக்கிளில் போனபோது இறங்கி வந்து, "அதுக்கு மூச்சுவிட நேர்வழி வேணும்ணே, இப்புடி மடக்காதீக" என்றார். அப்பா சிரித்தார். "ஒனக்குத் தெரிஞ்ச மூணு பங்குல ஒரு பங்க நான் புடிச்சுட்டேன்ல, அதான் வயிறு எரியுது ஒனக்கு."

டிரம் வந்த நாலாம் நாள் கிணற்றில் புறாக்கள் இல்லை. மேடையில் இரண்டு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. "சாரை வந்திருக்கும்" என்றார் அப்பா. உடம்பில் ஒரு காயம் இல்லையே என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

என் வேலை கிணற்று வாயில். எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற கைப்பிடியில் ஒரு கயிறு கட்டி மேலே கொண்டுவந்திருந்தார்கள். இழுத்தால் எஞ்சின் நின்றுவிடும். அப்பா உள்ளே இருக்கும்போது நான் தண்ணீர்க் குழாயில் கல்லால் மூன்று தட்டு தட்டுவேன். அவர் கீழிருந்து ஸ்பேனரால் மூன்று தட்டுத் தட்டுவார். எஞ்சின் சத்தத்தில் குரல் கேட்காது, ஆனால் குழாயில் கையை வைத்தால் அந்தத் தட்டு உள்ளங்கையில் குத்தும். அது குத்துகிற வரைக்கும் நான் மூச்சுவிட மாட்டேன்.

புறாக் குஞ்சு செத்ததற்கு அடுத்த நாள் எஞ்சினின் சத்தம் மாறியது. டுக் டுக் என்று துள்ளிக்கொண்டிருந்தது, சளி பிடித்தவன் மாதிரி கனத்து இழுத்தது. யாரையும் கேட்காமல் கயிற்றை இழுத்தேன். அப்பா மேலே வந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"எதுக்கு இழுத்த?"

"சத்தம் வேற மாதிரி கேட்டுச்சுப்பா."

"சத்தமா? திரும்பக் கிளப்புறதுக்கு எம்புட்டு எண்ணெய் போகும்னு தெரியுமா ஒனக்கு? கைப்பிடியச் சுத்திச் சுத்தி என் தோள்பட்டை என்ன ஆகும்னு தெரியுமா?" முதுகில் ஒன்று விழுந்தது. "இனிமே என்னையக் கேக்காம இழுத்தே, கைய ஒடிச்சுப்புருவேன்."

அடி எனக்குப் புதிதில்லை. ஆனால் 'என்னையக் கேக்காம' என்ற அந்த வார்த்தை எனக்குள்ளே போய் ஆணி மாதிரி நின்றுவிட்டது.

மறுநாள் அவருக்குக் கஞ்சி கொண்டுபோக மேடை வரைக்கும் இறங்கினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை தூக்குச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொட்டில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி வலித்தது. மேலே வந்ததும் பாவாடையெல்லாம் வாந்தி. காலை ஊன்ற முடியவில்லை.

"புள்ள பயந்திருக்கு" என்றாள் ராவுத்தர் மாமா வீட்டு மாமி. "கெணத்துல என்னத்தையோ பாத்திருக்கு. அந்திக்குப் பள்ளிவாசலுக்குக் கூட்டிட்டுப் போங்க, அசரத்து ஓதி ஊதுனா செரியாயிரும்."

நாங்கள் வேதக்காரர்கள். கழுத்தில் சிலுவையோடுதான் பள்ளிவாசல் வாசலில் போய் நின்றேன். எங்கள் ஊரில் அதில் ஒன்றும் அதிசயமில்லை, பயந்த பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் வரிசையில் நிற்கும். அசரத்து தலையில் கை வைத்து ஓதி, முகத்தில் ஊதி, கையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டினார். "ஒண்ணுமில்ல ஆத்தா, பயப்படாத" என்றார். அவ்வளவு மெதுவாக அதற்கு முன் யாரும் என்னிடம் பேசியதில்லை. மூன்று நாள் என்னைக் கிணற்றுப் பக்கமே விடவில்லை. தலைவலி போய்விட்டது. கயிறு வேலை செய்தது என்று எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

கிணற்றுப் பக்கம் போகாததால் போன தலைவலி என்று இப்போது எனக்குத் தெரியும். வளைந்த குழாயில் போக முடியாத புகை, கீழே குழாய் மூட்டில் சாக்குத்துணி சுற்றிய இடத்தில் கசிந்து கிணற்றுக்குள்ளேயே தங்கியது. சரியாக எரியாத எண்ணெயின் புகையில் ஒரு விஷக்காற்று உண்டு. அதற்கு வாடை இல்லை, நிறம் இல்லை. அப்பாவும் அந்த நாட்களில் மதியமெல்லாம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தலுக்கு அடியில் சுருண்டு படுப்பார். "வெயிலு" என்பார்.

விளக்குப் பார்க்காமல் அவர் ஒரு நாளும் இறங்கியதில்லை, அதையும் சொல்ல வேண்டும். கிணறு வெட்டுகிறவர்கள் சொல்லிக் கொடுத்தது அது. அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்க வேண்டும். அணைந்தால் உள்ளே காற்று கெட்டிருக்கிறது, இறங்கக் கூடாது. எரிந்தால் இறங்கலாம். பாழ் கிணறுகளில் எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றிய வழக்கம். எஞ்சின் புகையின் விஷக்காற்று விளக்கை அணைக்காது என்பது எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

நாலாம் நாள் என்னைத் திரும்பவும் கிணற்று வாய்க்கு அனுப்பினார்கள். கையில் கறுப்புக் கயிறு இருக்கிறதே, இனி என்ன பயம்? காலையில் கிளப்பிய எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிரம்மில் நெல் கிடந்தது. அம்மா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குறைவாக வருகிறது என்று அப்பா உள்ளே போகக் கிளம்பினார். விளக்கை நான்தான் இறக்கினேன்.

"எரியுதா?"

"நல்லா எரியுதுப்பா."

அப்பா இறங்கினார். அவர் தலைத்துண்டு இருட்டுக்குள் போகிற வரைக்கும் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் குழாயில் மூன்று தட்டு தட்டினேன். மூன்று தட்டு திரும்பி வந்தது. மூச்சுவிட்டேன்.

அடுத்த முறை தட்டியபோது திரும்பி வந்தது ஒரு தட்டு. இரண்டாவது வரும் என்று உள்ளங்கையைக் குழாயில் அழுத்திக்கொண்டே இருந்தேன். எஞ்சினின் அதிர்வுதான் வந்தது, வேறொன்றும் வரவில்லை. மறுபடி தட்டினேன். கல் உடைந்துபோகிற மாதிரி தட்டினேன். எட்டிப் பார்த்தேன். கீழே விளக்கு மட்டும் தெரிந்தது. அசையாமல், சாமி விளக்கு மாதிரி, அழகாக எரிந்துகொண்டிருந்தது.

கயிறு என் கையில் இருந்தது. 'என்னையக் கேக்காம இழுத்தே.' கேட்க வேண்டியவர் கீழே இருந்தார். அதனால் அம்மாவிடம் போனேன்.

"அம்மா, அப்பா தட்டலம்மா. எஞ்சின நிப்பாட்டட்டுமா?"

"கையில ஸ்பேனர் இல்லாம இருக்கும்."

"ஒரு தட்டுத்தான் வந்துச்சும்மா."

"விளக்கு எரியுதுல்ல?"

"எரியுது."

"அப்ப என்னத்துக்குக் கெடந்து பறக்குற. இந்தா கொதி வரப்போகுது, இப்ப நிப்பாட்டுனா அம்புட்டு நெல்லும் அரை வேக்காடாப் போகும். அன்னைக்கு வாங்குனது மறந்துருச்சா? கொஞ்சம் பொறு."

நான் பொறுத்தேன். டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓரத்தில் ஒரு குமிழி வந்தது. அப்புறம் இரண்டு. தண்ணீர் கொதிப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. உள்ளங்கையில் கயிறு வியர்வையில் ஊறியது. கடைசியில் கொதி வந்ததா, வருவதற்கு முன்பே இழுத்தேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. இழுத்தேன். எஞ்சின் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது.

அந்த அமைதியைத்தான் முதலில் சொன்னேன். மலையிலிருந்து காற்று வருவது கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து, "எதுக்கு இழுத்த" என்ற குரலுக்காக நின்றேன். முதுகில் அடி விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். குரல் வரவில்லை.

அம்மா போட்ட சத்தத்தில் ராவுத்தர் மாமா வேலியைத் தாண்டி ஓடி வந்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மூக்கில் ஈரத் துண்டோடு இறங்கினார். ஆறேழு பேர் சேர்ந்து அப்பாவைத் தூக்கினார்கள். வரப்பில் கிடத்தியபோது அவர் முகம் செக்கச் செவேலென்று இருந்தது. "ரத்த ஓட்டம் நல்லா இருக்கு, பொழைச்சுக்குவாரு" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அந்தச் சிவப்புதான் அந்த விஷத்தின் அடையாளம் என்பதைப் பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

பிழைத்தார். ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "யாரு வீட்டுப் புள்ள இது?" என்றார்.

அதற்கப்புறம் பதினான்கு வருஷம் இருந்தார். நடப்பார், சாப்பிடுவார், சொன்னால் தண்ணீர் பாய்ச்சுவார். பேர்கள் நிற்காது, நேற்று நிற்காது, சில நாள் என் முகமும் நிற்காது. கிணற்றிலிருந்து மேலே வந்தது நாலில் ஒரு பங்கு அப்பாதான். ராவுத்தர் மாமா தன் கிணற்று வாய்க்காலை எங்கள் பக்கம் திருப்பிவிட்டதால் பாதிக் குலைகள் நின்றன. எஞ்சினை மிஸ்திரி கழற்றிக் கொண்டுபோனார். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் நான் அந்த மிஸ்திரியின் பட்டறை வாசலிலேயே போய் நின்றேன். மிச்சம் உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஊரே சொல்லும்.

ஊர் சொல்வதில் ஒன்று மட்டும் நான் கொடுத்தது. "பத்து வயசுல கயித்த இழுத்து அப்பனக் காப்பாத்துனவ" என்பார்கள். நானே எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை. ஆனால் அந்தக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அவள் போய்ச் சேரும் வரைக்கும் நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

டிரம்மில் கிடந்த நெல்லை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் அம்மா அள்ளி எடுத்தாள். ஊறிப் புளித்து நாறியது. வயல்காரருக்கு வேறு நெல் அளந்து கொடுத்துவிட்டு, இதைக் கழுவிக் கழுவிக் காயப்போட்டாள். கொட்டிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. அரைத்து வந்து, அந்தக் கோடை முழுக்க அதைத்தான் வடித்தாள். எவ்வளவு குழம்பு ஊற்றினாலும் அந்தப் புளித்த வாடை போகாது. நானும் அவளும் தலையைத் தூக்காமல் சாப்பிடுவோம்.

அப்பா மட்டும் ஒவ்வொரு நாளும் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் நிறுத்துவார்.

"ஒரு மாதிரி வாடையா இருக்கே. எந்த ஊரு அரிசி இது?"

"கடை அரிசிங்க" என்பாள் அம்மா.

"அப்புடியா" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடுவார். மறுநாளும் கேட்பார்.